அனுசரிச்சுப் போ என்பதற்கு ஒரு பாடத்திட்டம்

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்களுக்குத் 'தகவல் தொடர்புத் திறன் பயிற்சி' நடத்துகிறவர்களின் அறிக்கைகளை நான்கைந்து சேர்த்து வைத்து வாசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம், தையல் மெஷினுக்கு முன்னால் சிரிக்கும் ஒரு பெண், கீழே அவர் சொன்னதாக நாலு வரி. ஊர் மாறும், பெயர் மாறும், அந்த நாலு வரியின் அச்சு மட்டும் மாறாது. முன்பெல்லாம் வீட்டில் கத்துவேன், பிள்ளையை அடிப்பேன், வீட்டுக்காரரோடு ஓயாத சண்டை. பயிற்சிக்கு அப்புறம் பொறுமையாக எடுத்துச் சொல்கிறேன். இப்போது வீட்டில் சண்டையே இல்லை.

அந்தப் பெண் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். என் வழக்கு அவரோடு அல்ல, அந்தப் பக்கத்தை அச்சடித்து வாடிக்கையாளரிடம் நீட்டுகிறவர்களோடு.

முதலில் பயிற்சிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். ஒரு லைனில் உட்கார்ந்திருக்கும் டெய்லருக்குப் பேச்சு என்பதே குற்றம். பக்கத்து மெஷின்காரியிடம் திரும்பினால் சத்தம் வரும். தண்ணீர் குடிக்க எழுந்தால் கணக்கு. லைன் முனையில் தொங்கும் போர்டில் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதியிருக்கும், எண்ணிக்கை குறைந்தால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். அப்படிப்பட்ட இடத்தில் வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் மெஷினை விட்டு எழுந்து, ஃபேனுக்குக் கீழே வட்டமாக உட்காரச் சொல்கிறார்கள். ஒருவர் வந்து, "உங்களுக்கு என்ன தோணுது, சொல்லுங்கக்கா" என்கிறார். பலருக்கு அப்பா கேட்டதில்லை, புருஷன் கேட்டதில்லை, கம்பெனி கேட்டதில்லை. கேட்டவுடனே அழுதுவிடுகிறார்கள் என்றால் அதில் நடிப்பு ஏதும் இல்லை. தன்னைப் போலவே பக்கத்து லைன்காரியும் இருக்கிறாள் என்று தெரிவதே பெரிய விஷயம். அந்த வகுப்பை அவர்கள் விரும்புவது நியாயம்.

ஆனால் எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்? பெரும்பாலான பாடங்களின் மையத்தில் இருப்பது ஒரு அமெரிக்கச் சரக்கு. தாமஸ் கோர்டன் என்ற உளவியலாளர் 1960களில் பெற்றோருக்காக உருவாக்கிய 'நான்-செய்தி' என்னும் உத்தி. "நீ இப்படிப் பண்ணிட்ட" என்று குற்றம் சாட்டாதே, "எனக்கு இப்படி இருக்கிறது" என்று உன் உணர்வைச் சொல். நல்ல உத்திதான், மறுக்கவில்லை. ஆனால் அதை அப்படியே மொழிபெயர்த்து, "நீங்கள் சத்தமாகப் பேசும்போது நான் வருத்தமாக உணர்கிறேன்" என்று வீட்டில் சொல்லிப் பார்க்கச் சொல்கிறார்கள். கொங்கு நாட்டில் இந்த வாக்கியத்தை ஒருத்தி வீட்டில் போய்ச் சொன்னால், "ஏனுங், மேலுக்குச் சரியில்லையா?" என்றுதான் கேட்பார்கள். தமிழில் கோபத்தை யாரும் 'உணர்வதில்லை', கோபம் வருகிறது. எனக்குக் கோபம் வருது, எனக்கு ஆத்தாமையா இருக்கு, மனசே ஆற மாட்டேங்குது. யாரையும் குற்றம் சாட்டாமல் தன் நிலையைச் சொல்லும் வசதி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது, அதற்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

அதைவிட முக்கியம், இந்தப் பெண்களுக்குச் சண்டை போடத் தெரியாது, பேசத் தெரியாது என்ற அனுமானம். பூனையைத் திட்டுகிற சாக்கில் புருஷனைத் திட்டுவது, பாத்திரத்தை ணங்கென்று வைத்துச் சேதி சொல்வது, "டேய், உங்கப்பனுக்குச் சோறு வேணுமான்னு கேளு" என்று பிள்ளை வழியாகத் தூது விடுவது, மாமியார் காதில் விழும்படி பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவது. ஜாடை பேசுவது என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. நேரடியாகப் பேசினால் அடி விழும் வீட்டில், அடி விழாமல் பேசுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி எடுத்த திறன் அது. பயிற்சிக் கையேட்டில் அது 'மறைமுகமான, ஆரோக்கியமற்ற தொடர்பு' என்ற பெட்டியில் போய் விழுகிறது.

இதைச் சொல்வதால் நான் பழைய ஏற்பாட்டைத் தூக்கிப் பிடிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். சண்டை முற்றினால் தாய்மாமன் வருவார், பெரியப்பா வருவார், திண்ணையில் உட்காருவார்கள், காப்பி குடிப்பார்கள், கடைசியில் ஒரே தீர்ப்புதான்: "அனுசரிச்சுப் போ கண்ணு." அனுசரிப்பதற்கு மறுபக்கத்தில் ஆள் கிடையாது, அது பெண்ணுக்கு மட்டும் விதித்த வரி. நம் பெண்கள் அதை நூறு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது தாய்மாமன் வேலையைக் கம்பெனி எடுத்துக்கொண்டிருக்கிறது. அவர் காப்பியோடு முடித்துக்கொண்டார். கம்பெனிக்குச் சான்றிதழும் புகைப்படமும் வேண்டியிருக்கிறது.

சரி, வீட்டில் அந்தச் சண்டை எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் இல்லை.

திருப்பூர்ப் பேச்சில் 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவது. அதற்கு முன்னால் விடியலில் எழுந்து சோறாக்கி, பிள்ளைக்கு டப்பா கட்டி, கம்பெனி வண்டி வரும் முக்குக்கு ஓட வேண்டும். திரும்பி வீட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்பதைத் தாண்டும். நுழைந்தவுடன் சோறு எங்கே என்று ஒருவன் கேட்கிறான், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் பிடிக்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் பாதி தவணைக்குப் போகிறது, மகளிர் குழுவுக்குக் கட்ட வேண்டும், மீதியில் டாஸ்மாக் பங்கு கேட்கிறது. பகல் முழுக்க ஒருத்தன் தலைக்கு மேல் நின்று கத்தியதைத் திருப்பிக் கத்த முடியாமல் விழுங்கி எடுத்து வந்தவள், வீட்டில் தன்னைவிடச் சின்னதாக இருக்கும் ஒரே உயிரின் முதுகில் அதை இறக்குகிறாள். அவளுக்கே அது தெரியும். அடித்துவிட்டு அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுபவளும் அவள்தான்.

நேரமும் பணமும் அவமானமும் சேர்ந்து உண்டாக்கிய சண்டையை, சொற்களின் கோளாறு என்று பெயர் மாற்றிவிட்டால் போதும். அப்புறம் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டாம், பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். 2014இல் தமிழ்நாட்டு அரசு பத்து வருஷத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு தையல் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி ஆணை போட்டபோது, நூற்றுக்கணக்கான உற்பத்தியாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016இல்தான் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. இரண்டு வருஷம். கூலியைப் பற்றி முதலாளிகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் வக்கீல் வைத்துச் சொல்கிறார்கள், 'நான்-செய்தி' அனுப்புவதில்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த பிறகு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. வீட்டில் சண்டை குறைய வேண்டும் என்று நிஜமாகவே யாருக்காவது அக்கறை இருந்தால், அந்தப் பன்னிரண்டை எட்டாக்குவதைவிட நல்ல குடும்ப ஆலோசனை வேறென்ன இருக்கிறது?

இனி கணக்குக்கு வருவோம், பயிற்சிக்காரர்களின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கேப் என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் 2007இல் 'பேஸ்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. தகவல் தொடர்பு, முடிவெடுத்தல், நேரமும் மன அழுத்தமும் கையாளுதல், சுகாதாரம் என்று பல பாடங்கள். பிறகு 10 லட்சம் பெண்களுக்கு இதைக் கொண்டு சேர்ப்பதாக இலக்கு வைத்தார்கள். பெங்களூருவில் ஷாஹி நிறுவனத்தின் ஐந்து ஆலைகளில் இந்தப் பயிற்சியைப் பொருளாதார ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்தார்கள். விருப்பம் தெரிவித்த பெண்களில் குலுக்கல் போட்டுச் சிலருக்குப் பயிற்சி, மற்றவர்களுக்கு இல்லை. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் நன்றாகவே கூடியது. பயிற்சி முடிந்து எட்டு மாதத்தில் நிறுவனத்துக்குக் கிடைத்த நிகர லாபம், போட்ட பணத்தில் சுமார் 250 சதவீதம். பயிற்சி பெற்ற பெண்களின் கூலி கூடியது சுமார் அரை சதவீதம்.

மாதம் 10,000 ரூபாய் வாங்குகிறவர் என்று வைத்துக்கொண்டால் அரை சதவீதம் என்பது 50 ரூபாய். நான் இதை ரகசிய ஆவணத்திலிருந்து எடுக்கவில்லை, ஆய்வாளர்கள் பெருமையாக வெளியிட்ட கட்டுரையின் கண்டுபிடிப்பே இதுதான். பெண்களுக்கு மென்திறன் கற்றுக்கொடுப்பது முதலாளிக்கு லாபம், ஆகவே தயங்காமல் செய்யலாம் என்பதற்கு ஆதாரமாக இதைக் காட்டுகிறார்கள். லாபம் தரும் முதலீடாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் முதலீட்டைத் தானதர்மக் கணக்கில் எழுதாதீர்கள். 250 அந்தப் பக்கமும் அரை இந்தப் பக்கமும் போன பிறகு, மிச்சக் கூலியாக 'வீட்டில் நிம்மதி' என்று எழுதிக் கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

தொழிலாளியின் குறையை வீட்டுப் பக்கம் திருப்பி விடுவது புதிய வித்தையும் அல்ல. சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகள் நிர்வாகவியல் மாணவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். விளக்கைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த கதையைத்தான் பாடத்தில் சொல்வார்கள். அதன் இன்னொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1928இல் தொடங்கி 21,000க்கும் மேற்பட்ட தொழிலாளிகளை உட்கார வைத்துப் பேச விட்டார்கள். கேட்கிறவர் வாதம் செய்யக்கூடாது, அறிவுரை சொல்லக்கூடாது, பொறுமையாகக் கேட்க வேண்டும். ஆலையில் எதுவும் மாறாமலே பலர் மனம் லேசானதாகச் சொன்னார்கள். இந்தச் சோதனைகளின் முகமாக விளங்கிய எல்ட்டன் மேயோ, தொழிலாளி எதைக் குறை சொல்கிறானோ அது பெரும்பாலும் உண்மையான காரணம் அல்ல, அவனது சொந்த வாழ்க்கையில், வீட்டில் எங்கேயோ காரணம் இருக்கிறது என்று கருதியவர். புகாரில் சொல்லப்பட்டதைச் சரிசெய்வதைவிடப் புகார் சொல்கிறவனைச் சரிசெய்வது மலிவு. நூறு வருஷம் ஆகப்போகிறது, அதே மலிவான வழியில்தான் நடந்துகொண்டிருக்கிறோம்.

இந்தியாவிலேயே இதற்கு ஒரு வாரிசு உண்டு. அதே பெங்களூரு ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்கள் நடத்திய இன்னொரு சோதனை. ஆயத்த ஆடை ஆலைகளில் கூலி உயர்வு வந்தது, தொழிலாளிகள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அந்தச் சமயத்தில் குலுக்கலில் தேர்ந்த சிலரிடம் மட்டும் பெயர் கேட்காமல் கருத்துக் கேட்டார்கள். வேலை எப்படி, கூலி எப்படி, சூப்பர்வைசர் எப்படி என்று. கருத்துக் கேட்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வேலையை விட்டுப் போனார்கள். அதிகம் ஏமாந்தவர்களிடம் இந்த மருந்து அதிகம் வேலை செய்தது. ஆய்வாக இது நேர்த்தியானது. ஆனால் ஒரு எச்.ஆர். மேலாளர் இதை எப்படி வாசிப்பார்? பணம் கொடுக்க முடியாத இடத்தில் காது கொடு, அது போதும். பசித்தவனிடம் "என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவது மாதிரி.

காது எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. ஷாஹியின் பெங்களூரு ஆலை ஒன்றில் 2018 ஏப்ரலில் தொழிலாளிகள் கூலி உயர்வும் குடிக்கத் தகுந்த தண்ணீரும் வண்டி வசதியும் கேட்டு மனு கொடுத்தார்கள். கோரிக்கையைத் தெளிவாக, மரியாதையாக எழுதிக் கொடுத்தார்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் 'உறுதியான தொடர்பு' இதுவேதான். சங்கத்தில் தீவிரமாக இருந்தவர்கள் ஆலைக்குள்ளேயே தாக்கப்பட்டார்கள், சாதியைச் சொல்லித் திட்டப்பட்டார்கள் என்று ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்ஷியம் என்ற அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பு அந்த ஜூனில் அறிக்கை வெளியிட்டது. வெளி அழுத்தம் வந்த பிறகே பணி நீக்கத்தில் வைக்கப்பட்டிருந்த 15 பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒற்றை ஆளாக வீட்டில் பேசினால் அது 'திறன்', கூட்டமாக ஆலையில் பேசினால் அது 'பிரச்சினை'. வகுப்பில் யாரும் இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆடிட் வருவதற்கு முதல் நாள், "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போறீங்கன்னு கேட்டா ஆறு மணின்னு சொல்லணும்" என்று சொல்லித்தருகிறார்களே, பல கம்பெனிகளில் நடக்கும் உண்மையான தகவல் தொடர்புப் பயிற்சி அதுதான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வகுப்பில் முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தால் பத்துப் பேருக்கு மேல். அவர்களிடம் போய், "மோதல் என்பது இரண்டு பேரின் புரிதல் குறைபாடு, நீங்கள் பேசும் முறையை மாற்றினால் அவரும் மாறுவார்" என்று சொல்வது பொறுப்பற்ற செயல் என்றே நினைக்கிறேன். அவர் மாறவில்லை என்றால் இவள் சரியாகப் பேசவில்லை என்று ஆகிவிடுகிறது. அடி வாங்கியவள் ஹோம்வொர்க்கும் சரியாகச் செய்யவில்லை! அவளுக்கு வேண்டியது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார் என்ற தகவல், 181 என்ற எண், அங்கே போக ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. சில பயிற்சிகளில் சட்டப் பாடமும் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். புகைப்படத்துக்குக் கீழே மட்டும் அது வருவதில்லை. "பயிற்சிக்குப் பிறகு என் கணவர் மேல் வழக்குப் போட்டேன்" என்று ஒரு பெண் சொன்னதாக எந்தப் பிராண்டின் அறிக்கையிலாவது பார்த்திருக்கிறீர்களா?

ஆண்கள் எங்கே போனார்கள் என்றும் கேட்க வேண்டும். அந்த வீட்டுக்காரரும் பெரும்பாலும் ஏதோ ஒரு டையிங்கிலோ நிட்டிங்கிலோ வேலை செய்கிறவர்தான். அவருக்கு ஏன் யாரும் வட்டமாக உட்கார்ந்து அழக் கற்றுக்கொடுக்கவில்லை? வீட்டின் சமாதானத்துக்கு ஒருத்தி மட்டும் பொறுப்பு என்ற பழைய தீர்ப்பை உறுதி செய்துவிட்டு, அதற்கு 'பெண் அதிகாரமளித்தல்' என்று பெயரும் வைத்துவிட்டோம்.

இதற்கு எதிராக ஒரு நல்ல உதாரணத்தை யாராவது சொல்வார்கள், நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தலைமையகம் கொண்ட பாரி-வேமில்லர் இயந்திர நிறுவனம். அதன் தலைவர் பாப் சாப்மன், கேட்கும் கலையைத் தன் தொழிலாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பு முடித்தவர்கள் வேலையைப் பற்றிப் பேசுவதைவிடத் தங்கள் கல்யாண வாழ்க்கை மேம்பட்டதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள் என்று ஊர் ஊராகச் சொல்லி வருகிறார். இருக்கட்டும், நம்புகிறேன். ஆனால் அதே நிறுவனம் 2009 பொருளாதாரச் சரிவில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல், தலைவரிலிருந்து கடைநிலை வரை எல்லாரும் நான்கு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துச் சமாளித்தது. வேலை போகாது என்ற தைரியத்தோடு வீட்டுக்குப் போகிறவன் வீட்டில் நிதானமாகப் பேசுவதில் அதிசயம் என்ன? வகுப்பை மட்டும் இங்கே இறக்குமதி செய்துவிட்டு அந்தத் தைரியத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள்.

நம் ஊரிலேயே வேறு மாதிரி ஒரு பயிற்சி நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் நிறுவனத்தின் ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். அதற்கு முன்னால் நீண்ட காலம் தொல்லை கொடுத்து வந்ததாக வீட்டாரும் சக தொழிலாளிகளும் சொன்னார்கள். அந்தப் பெண் பேசாமல் இருக்கவில்லை, கேட்பதற்குக் கடமைப்பட்ட காது அங்கே இல்லை. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் போராடியது. 2022 ஏப்ரலில் கையெழுத்தானதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். அதிலும் பயிற்சி உண்டு. ஆனால் வகுப்பில் சூப்பர்வைசரும் மேலாளரும் உட்கார வேண்டும். பாடத்தைப் பிராண்டின் ஆள் எடுப்பதில்லை, சங்கத்தின் பங்கோடு நடக்கிறது. லைனிலிருந்தே தேர்ந்தெடுத்த பெண்கள் கண்காணிப்பாளர்களாக இருப்பார்கள். ஒருத்தி புகார் சொன்னதற்காக அவளைப் பழிவாங்க முடியாது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு ஆர்டரைக் குறைக்கக் கடமைப்பட்டது. முதல் வருஷத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன, பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. அது வரைக்கும் அந்த ஆலையில் பெண்களுக்குப் பேசத் தெரியாமலா இருந்தது?

ஒப்பந்தத்தில் சேர்ந்த பிராண்டுகள் எச் அண்ட் எம், பி.வி.எச்., கேப். 2007இலிருந்து பெண்களுக்குத் தகவல் தொடர்பு கற்றுக்கொடுத்து வந்த அதே கேப்தான். பதினைந்து வருஷப் பயிற்சிக்குப் பிறகு, ஒரு கொலைக்குப் பிறகு, கேட்க வேண்டிய பக்கமும் வகுப்பில் உட்கார வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அந்தக் காகிதம் செல்லுபடியான இடம் ஒரே ஒரு நிறுவனத்தின் சில ஆலைகள். திருப்பூரிலும் கரூரிலும் ஈரோட்டிலும் இன்று காலை எட்டரைக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்த மற்ற பெண்களுக்கு அது கிடையாது. அவர்களுக்கு இருப்பது வியாழக்கிழமை மதியம் ஒரு வகுப்பு, தலைப்பு: வீட்டில் மோதல்களைக் கையாள்வது எப்படி.